மலைப்பாதையில் மின்விசை மிதிவண்டி: முதல் ஓட்டங்களும் தொடக்கத் திருத்தங்களும்

மிதிவண்டியிலேறி மலையூர்களுக்குச் சென்று பணிசெய்யும் ஊழியர் எவரும் ஒன்றை அறிவர். சமவெளியில் காலத்தை மிச்சப்படுத்தும் அவ்வண்டி, ஏற்றம் தொடங்கியவுடன் தள்ளிச்செல்ல வேண்டிய சுமையாகிவிடுகிறது. ஏற்றத்தில் மனிதனுக்குத் துணைசெய்யுமாறு சிறு மோட்டார் பொருத்திய மலை மிதிவண்டிகள் இப்பொழுது நம் நாட்டிலும் விற்கப்படுகின்றன. இத்தகைய வண்டியொன்றைப் புதிதாக வாங்கியவர் முதல் சில வாரங்களில் எவற்றைக் கவனிக்க வேண்டும், எவற்றைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதை, ஓட்டிப் பார்த்த அனுபவத்தைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. இதில் வரும் கணக்குகள் உயர்நிலைப் பள்ளிப் பௌதிகத்துக்கு மேற்பட்டவை அல்ல. ஆசிரியர்கள் அவற்றை அப்படியே வகுப்பில் எடுத்துக்கொள்ளலாம்.

வண்டியின் அமைப்பு

மின்சாரத்தால் மிதிவண்டியை ஓட்டும் எண்ணம் புதியதன்று. 1895-ஆம் ஆண்டில் ஆக்டன் போல்ட்டன் என்ற அமெரிக்கர், பின்சக்கரத்தின் குடத்துக்குள் மோட்டாரை அமைத்து அதற்குக் காப்புரிமை பெற்றார். எனினும், மிதிப்பவரின் காலுக்குத் துணையாக மட்டும் மோட்டார் இயங்கும் முறை, 1993-ஆம் ஆண்டில் ஜப்பானில் யமஹா நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்த வண்டிக்குப் பின்னரே பரவலாயிற்று. நாம் கூறப்போகும் வண்டியும் இம்முறையைச் சார்ந்ததே.

இதில் மோட்டார் மிதிகட்டைகளின் அச்சைச் சூழ்ந்து, சட்டத்தின் அடிப்பாகத்தில் அமைந்திருக்கிறது. அச்சின்மீது கால் எவ்வளவு விசையுடன் அழுத்துகிறது என்பதை ஓர் உணர்கருவி நொடிக்குப் பலமுறை அளக்கிறது. அச்சு சுழலும் வேகத்தை மற்றொன்றும், பின்சக்கரத்தின் வேகத்தை வேறொன்றும் அளக்கின்றன. இம்மூன்று அளவுகளையும் கொண்டு, மிதிப்பவரின் உழைப்புக்கு ஏற்ற விகிதத்தில் மோட்டார் தன் பங்கைச் சேர்க்கிறது. மிதிப்பதை நிறுத்தினால் மோட்டாரும் நின்றுவிடும். மோட்டாரின் விசையும் காலின் விசையும் ஒரே சங்கிலியின் வழியாகப் பின்சக்கரத்தை அடைவதால், பற்சக்கரங்களை மாற்றி இரண்டையும் ஏற்றத்துக்குத் தக்கவாறு பயன்படுத்திக்கொள்ள இயலும். மலைப்பாதைக்கு இவ்வமைப்புச் சிறந்ததாயிருப்பதற்குக் காரணம் இதுவே.

மத்திய மோட்டார் வாகன விதிகள் இவ்வகை வண்டிக்கு வரம்பு வகுத்துள்ளன. மோட்டாரின் முப்பது நிமிடத் திறன் 0.25 கிலோவாட்டுக்குக் குறைவாக இருத்தல் வேண்டும். வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரை எட்டும்போதும், அதற்கு முன்னர் மிதிப்பது நின்றாலும், மோட்டாரின் உதவி அற்றுப்போக வேண்டும். பாட்டரி நீங்கலாக வண்டியின் எடை 60 கிலோகிராமுக்கு மேற்படலாகாது. தக்க பிரேக்குகளும் ஒளியை எதிரொளிக்கும் சாதனங்களும் இருத்தல் வேண்டும். இவற்றுக்கு உட்பட்ட வண்டி மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. வேக வரம்பை நீக்கித் தருவதாகச் சில விற்பனையாளர் ஆசை காட்டுவதுண்டு. அங்ஙனம் நீக்கினால் வண்டி விதிவிலக்கை இழந்துவிடும் என்பதை ஊழியர்கள் மறத்தலாகாது.

முதல் ஏற்றம்

மண் பாதுகாப்புப் பணியிலுள்ள நண்பர் ஒருவர் தம் சொந்தச் செலவில் வாங்கிய வண்டியை, அலுவல் நிமித்தம் டேராடூனில் தங்கியிருந்த நானும் அவருடன் முறைவைத்து ஓட்டிப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. வண்டியின் எடை 24 கிலோகிராம். மோட்டார் இல்லாத மலை மிதிவண்டியோ 13 கிலோகிராம் அளவில் இருக்கும். பாட்டரி 36 வோல்ட்டு, 14 ஆம்பியர் மணி. இரண்டையும் பெருக்கினால் 504 வாட்டு மணி ஆகிறது. இந்த எண்ணை நினைவில் கொள்க.

நாங்கள் தேர்ந்த பாதை, ராஜ்பூரிலிருந்து ஜரிபானி வழியாக மசூரிக்குச் செல்லும் பழைய குதிரைப் பாதை. மோட்டார்ச் சாலை ஏற்படுவதற்கு முன் பிரயாணிகள் ராஜ்பூரில் வண்டியை விட்டிறங்கி, மட்டக் குதிரையிலோ ஆட்கள் சுமக்கும் டண்டியிலோ இவ்வழியே மேலே சென்றனர். தூரம் சுமார் 9 கிலோமீட்டர். ஏற்றம் ஏறக்குறைய 1000 மீட்டர். அதாவது, நூறு மீட்டர் முன்னேறுவதற்குள் பதினோரு மீட்டர் உயர வேண்டும். சில இடங்களில் கல்பாவியும், சில இடங்களில் சரளை சிதறியும் கிடக்கிறது.

ஏறும்போது ஆகும் சக்தியைக் கணக்கிடுவோம். ஓட்டுபவர் 70, வண்டி 24, பை 6, ஆக 100 கிலோகிராம். இதை 1000 மீட்டர் உயர்த்துவதற்கு 100 × 9.8 × 1000 = 9,80,000 ஜூல் வேண்டும். ஒரு வாட்டு மணி 3600 ஜூலுக்குச் சமம். ஆகவே இது 272 வாட்டு மணி. சரளைப் பாதையில் சக்கரம் உருள்வதற்கு ஏற்படும் தடையை எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு எனக் கொண்டால், 9 கிலோமீட்டருக்கு மேலும் 49 வாட்டு மணி. மொத்தம் 321.

இதில் மனிதனின் பங்கு என்ன? பழக்கமில்லாத, ஆனால் உடல்நலமுள்ள ஒருவர் 90 வாட்டு அளவில் ஒரு மணி நேரம் உழைக்கலாம். மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் ஒரு மணி நேரத்தில் மேலே சேர்ந்துவிடலாம். அவர் தருவது 90 வாட்டு மணி. எஞ்சிய 231-ஐ மோட்டார் தர வேண்டும். பாட்டரியிலிருந்து எடுக்கும் சக்தியில் முக்கால் பங்கே சக்கரத்தை அடைகிறது எனக் கொண்டால், பாட்டரியிலிருந்து 308 வாட்டு மணி செலவாகும். அதே பாதையை மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் ஒன்றரை மணி நேரத்தில் ஏறினால், மனிதன் அதே அளவு உழைத்து 135 வாட்டு மணி தந்துவிடுகிறான். பாட்டரியின் செலவு 248 ஆகக் குறைகிறது. அரை மணி நேரம் பொறுத்தால் 60 வாட்டு மணி மிச்சம். நாள்தோறும் இரண்டு மூன்று ஊர்களுக்குச் சென்று திரும்ப வேண்டிய ஊழியருக்கு இது சிறிய தொகையன்று.

இக்கணக்கை நாங்கள் பின்னர்தான் போட்டோம். முதல் நாளன்று நண்பர் துணை அளவை மிக உயர்ந்த நிலையில் வைத்துவிட்டு, பாரமான பல்லில் மெதுவாக மிதித்துக்கொண்டே ஏறினார். மோட்டார் சூடேறியது, மேற்பகுதியில் தன் உதவியைத் தானாகவே குறைத்துக்கொண்டது. மசூரியை அடைந்தபோது பாட்டரியின் ஐந்து விளக்குகளில் ஒன்றே எரிந்தது.

முதல் இறக்கம்

இறங்கும் முறை என்னுடையது. இறக்கத்தில் பாட்டரி வேண்டியதில்லையாதலால் கவலையற்றுப் புறப்பட்டேன். ஜரிபானிக்கு மேலுள்ள ஒரு வளைவில், மணல் மூட்டை சுமந்த கோவேறு கழுதைகள் எதிரே ஏறி வந்தன. இரு பிரேக்குகளையும் அழுத்தினேன். நெம்புகோல்கள் கைப்பிடியைத் தொடுமளவு இறங்கின. வண்டியோ கிறீச்சிட்டுக்கொண்டு முன்னேயே சென்றது. கழுதைகளைத் தவிர்க்க மலைப்பக்கத்து வடிகாலுக்குள் வண்டியைத் திருப்பினேன். மணிக்கட்டில் சுளுக்கு, முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவோடு போயிற்று. பாதையின் மறுபுறம் பள்ளத்தாக்கு. கழுதைக்காரர் என்னைத் தூக்கிவிட்டு, வண்டிக்கு என்ன விலை என்று கேட்டார்.

பழுது பிரேக்குகளில் இல்லை. புதிய வட்டப் பிரேக்கின் உராய்வுக் கட்டை, முதலில் சக்கரத்து வட்டத்தகட்டைச் சில புள்ளிகளில் மட்டுமே தொடுகிறது. பலமுறை மிதமாக அழுத்தி விட்ட பின்னரே கட்டையின் மெல்லிய படலம் ஒன்று தகட்டின் மீது சீராகப் படிகிறது. அதன் பின்னரே முழு உராய்வு கிடைக்கிறது. அவ்வாறு பழக்காமல் நீண்ட இறக்கத்தில் இழுத்துப் பிடித்தால் கட்டையின் முகம் வெந்து கண்ணாடிபோலாகிவிடும். கையேட்டில் இச்செய்தி பதினோராம் பக்கத்தில் தெளிவாக இருந்தது. பிறர் படிப்பதற்காகக் கையேடுகளை மொழிபெயர்ப்பதையே தொழிலாகக் கொண்ட நான் இதைப் படித்துப் பாராமல் ஏறினேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் சொல் படுக்கவைத்தலைக் குறிப்பது. புதுக்காளையை ஏருக்குப் பழக்குவது போன்ற செயலாதலால், ‘பிரேக்கைப் பழக்குதல்’ என்பதே நமக்குப் பொருந்தும் எனத் தோன்றுகிறது. முறை எளிது. ஆள் நடமாட்டமற்ற, சிறிதே சரிந்த சாலையில், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் சென்று, ஒரு பிரேக்கை மட்டும் சீராக அழுத்தி, நடக்கும் வேகத்துக்குக் கொணர்ந்து விடவேண்டும். முழுதும் நிறுத்துதலும் சக்கரத்தைப் பூட்டுதலும் கூடா. முன் பிரேக்குக்கு இருபது தடவை, பின் பிரேக்குக்கு இருபது தடவை. பத்தாம் தடவைக்குள்ளாகவே கைக்கு வேற்றுமை தெரியும். வெந்துபோன எங்கள் கட்டைகளை மாற்றிவிட்டே இதைச் செய்ய நேர்ந்தது. சங்கிலிக்கு எண்ணெயிடும்போது ஒரு துளி தகட்டில் தெறித்தாலும் இவ்வளவும் வீணாகும். எண்ணெயைத் தெளிப்பானால் அடித்தலே தகாது.

இறக்கத்தில் பிரேக்குகள் எவ்வளவு வேலை செய்கின்றன? ஏறும்போது சேர்த்த 272 வாட்டு மணியில், உருள் தடையும் காற்றும் கொள்வது போக, சுமார் 220 வாட்டு மணி பிரேக்குகளில் வெப்பமாகிறது. இது ஏறக்குறைய 8,00,000 ஜூல். 20 பாகைச் சூடுள்ள தண்ணீரில் இரண்டு லிட்டருக்கு மேல் கொதிக்க வைக்கப் போதுமானது. இச்சக்தியைத் திரும்பப் பாட்டரிக்குள் செலுத்தலாகாதா என்று மாணவர் கேட்பர். நம் வண்டியில் அது இயலாது. மிதிப்பதை நிறுத்தியதும் பின்சக்கரம் சங்கிலியிலிருந்து விடுபட்டுத் தனியே சுழலும் அமைப்பு உள்ளதால், சக்கரம் மோட்டாரைத் திருப்ப வழியில்லை.

1970-களில் அமெரிக்காவின் காலிபோர்னியா மாகாணத்தில் மரின் என்னும் மலைப்பாங்கான மாவட்டத்து இளைஞர்கள், பழைய கனத்த மிதிவண்டிகளில் மலைச்சரிவுகளில் இறங்கி விளையாடியதிலிருந்தே மலை மிதிவண்டி தோன்றியது. 1976-இல் அவர்கள் பந்தயம் தொடங்கிய சரிவுக்கு ‘ரீபேக்’ என்று பெயர்; மறுபடி அடைத்தல் என்பது பொருள். கீழே சேர்வதற்குள் பின்குடத்திலிருந்த பிரேக்கின் மசகு புகைந்து எரிந்துபோனதால், ஓட்டத்துக்குப் பின் புது மசகை அடைக்க வேண்டியிருந்தது. கருவி மாறினும் வெப்பத்தின் கணக்கு மாறவில்லை. எங்கள் வண்டி, எடை மிகுந்திருப்பதால், மோட்டாரில்லாத வண்டியைவிட நூற்றுக்குப் பன்னிரண்டு பங்குவரை மிகுதியான வெப்பத்தை உண்டாக்குகிறது. நீண்ட இறக்கத்தில் தொடர்ந்து இலேசாகத் தேய்த்துக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் உறுதியாகப் பிடித்து, பின் விட்டு, தகடு ஆற இடம் கொடுக்க வேண்டும். நின்றவுடன் தகட்டைத் தொட்டுப் பார்ப்பது விரலைச் சுட்டுக்கொள்வதாகும்.

பிற திருத்தங்கள்

ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுவது, மாற்றியதைக் குறிப்பேட்டில் எழுதுவது, பின் அதே பாதையில் ஓட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்துகொண்டோம். இரண்டை ஒருங்கே மாற்றினால், நன்மைக்கோ தீமைக்கோ எது காரணம் என்று தெரியாது.

கடையிலிருந்து வந்தபோது டயர்களில் காற்று சதுர அங்குலத்துக்கு 45 பவுண்டு இருந்தது. ராஜ்பூர்ச் சாலையில் இது நன்றாயிருந்தது. சரளையில் வண்டி கல்லுக்குக் கல் துள்ளியது. சமதளத்தில் கெட்டியான டயர் இலேசாக உருளும். கரடான பாதையிலோ, ஒவ்வொரு கல்லும் வண்டியையும் ஆளையும் சிறிது தூக்கிப் போடுவதால் முன்னேற்றத்துக்கான சக்தி வீணாகிறது. சற்று இளகிய டயர் கல்லைத் தன்னுள் வாங்கிக்கொண்டு கடந்துவிடும். படிப்படியாகக் குறைத்து, முன் 26, பின் 29 என்ற அளவில் நிறுத்தினோம். 24-க்குக் குறைத்த நாளன்று, கல்லுக்கும் சக்கர விளிம்புக்கும் இடையே டியூப் நசுங்கி, பாம்புக் கடிபோல் இரு துளை விழுந்தது. எடை மிக்கவர் இதைவிட மிகுதியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த டியூபை மாற்றியதால் வேறொரு தொல்லை நேர்ந்தது. பின்சக்கரத்தைத் திரும்பப் பூட்டிப் புறப்பட்டால், சில மீட்டர் சென்றதும் மோட்டார் நின்றுவிட்டது. பழுது மோட்டாரில்தான் என்று எண்ணி மலையடிவாரத்தில் ஒரு மணி நேரம் வீணாக்கினோம். ஆரக்கம்பியொன்றில் பொருத்திய சிறு காந்தம் ஒவ்வொரு சுற்றிலும் சட்டத்திலுள்ள உணர்கருவியைக் கடந்து செல்கிறது. வேகம் அதைக் கொண்டே அறியப்படுகிறது. சக்கரத்தைக் கழற்றும்போது அக்காந்தம் கம்பியில் நகர்ந்துவிட்டிருந்தது. வேகத்தை அறிய இயலாத நிலையில் மோட்டார் உதவ மறுப்பது ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. காந்தத்தை உணர்கருவிக்கு நேராக நகர்த்தித் திருகை முடுக்கியதும் எல்லாம் சரியாயிற்று.

முன்கவையில் காற்றால் இயங்கும் அதிர்வுத் தாங்கி உள்ளது. இதன் முழு இயக்கம் 120 மில்லிமீட்டர். ஓட்டுபவர் பையுடன் ஏறி நின்ற மாத்திரத்தில் அது ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 24 மில்லிமீட்டர் அமிழ வேண்டும். குழாயிலுள்ள ரப்பர் வளையம் இதைக் காட்டும். எங்கள் வண்டியில் 10 மில்லிமீட்டரே அமிழ்ந்தது. காற்றைக் குறைத்ததும் சக்கரம் பள்ளங்களிலும் தரையைப் பற்றி ஓடலாயிற்று. திரும்பி எழும் வேகத்தை அடக்கும் திருகும் உண்டு. நடைபாதை விளிம்பிலிருந்து மெல்ல இறங்கிப் பார்த்து, கவை ஒருமுறை எழுந்து அடங்குமாறு வைத்தல் போதும்.

திருகுகளைப் பற்றி நீட்டிக் கூற வேண்டுவதில்லை. முதல் ஐம்பது கிலோமீட்டருக்குப் பின் எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டும். கைப்பிடித் தண்டின் திருகுகளில் 5 நியூட்டன் மீட்டர் என்று பொறித்திருந்தது. 20 சென்டிமீட்டர் நீளமுள்ள சாவியின் நுனியில் இரண்டரைக் கிலோகிராம் எடையைத் தொங்கவிட்டால் உண்டாகும் முறுக்கு இவ்வளவே. இதை வகுப்பில் செய்து காட்டினால், ‘பலங்கொண்ட மட்டும் முடுக்கு’ என்னும் பட்டறை வழக்கம் எத்தகைய தவறு என்பது விளங்கும். பல்மாற்றும் கம்பியின் உறைகள் புதிதில் சிறிது அமர்ந்து கம்பி தளர்ந்துவிடுவது இயல்பு. நெம்புகோலருகிலுள்ள சிறு உருளையை அரைச் சுற்றுத் திருப்பினால் பற்கள் மீண்டும் சரியாக விழும்.

துணை அளவு

மிகப் பெரிய மாறுதலைத் தந்தது இதுவே. மூன்று துணை நிலைகளில் ஒவ்வொன்றின் குணத்தையும் கைப்பேசிச் செயலியால் மாற்றியமைக்க இவ்வண்டியில் வசதி இருந்தது. உயர்ந்த நிலையில், நின்றிருந்து மிதித்த கணமே மோட்டார் முழு விசையுடன் பாய்ந்தது. சரளையில் பின்சக்கரம் சறுக்கிற்று. செங்குத்தான இடத்தில் முன்சக்கரம் தரையை விட்டெழுந்தது. பெயரளவில் 250 வாட்டு மோட்டாராயினும், சில நொடிகளுக்கு அதனினும் மிகுந்த திறனைத் தரவல்லது என்பதை இங்கே கருத வேண்டும். தொடக்க விறுவிறுப்பைக் குறைத்து, நடு நிலையை வழக்கமாகக் கொண்டோம். இருக்கையை ஒரு சென்டிமீட்டர் முன்தள்ளியதும் முன்சக்கரம் அடங்கிற்று.

பல்லைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். நிமிடத்துக்கு 70 முதல் 80 சுற்று மிதிக்குமாறு இலேசான பல்லைத் தேர்ந்தால், மோட்டார் தனக்குரிய வேகத்தில் சுழன்று குறைந்த வெப்பத்துடன் வேலைசெய்யும். ஏற்றம் வந்தபின் பல்லை மாற்றுவதைவிட, வருமுன்னரே மாற்றுதல் நன்று. மாற்றும் கணத்தில் காலின் அழுத்தத்தைக் குறைக்காவிடில், காலும் மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் சங்கிலி பல்லின்மீது ஓங்கி விழும். மோட்டார்த் துணையுள்ள வண்டிகளில் சங்கிலி விரைவாகத் தேய்வதற்கு இப்பழக்கமும் ஒரு காரணம்.

பாட்டரியின் வகையில் நண்பருக்குச் சொல்ல வேண்டியிருந்தவை சிலவே. லித்தியம் கலங்கள் பத்தைத் தொடராக இணைத்த இவ்வடுக்கு முழுதும் ஏறியபோது 42 வோல்ட்டு காட்டும். மலையில் பனிக்காலத்து இரவில் வண்டி வெளியே நிற்கலாம். பாட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும். சுழிப் பாகைக்குக் கீழே அதற்கு மின்னேற்றுதல் கூடாது. ஓட்டி வந்த சூட்டுடனும் ஏற்றலாகாது. பல வாரம் பயன்படுத்தாதிருப்பின் பாதியளவு ஏற்றி வைத்தலே கலங்களுக்கு நல்லது. வண்டியைக் கழுவ ஈரத்துணியும் வாளித் தண்ணீரும் போதும். விசையுடன் பீச்சும் நீர் அச்சுக்களுக்குள் புகுந்துவிடும்.

மூன்றாம் வாரத்தில் அதே பாதையில் மீண்டும் ஏறினோம். நடு நிலைத் துணையுடன் ஒரு மணி நாற்பது நிமிடம் ஆயிற்று. பாட்டரியில் பாதிக்கு மேல் எஞ்சியிருந்தது. இறங்கும்போது ஜரிபானிக்கு மேலுள்ள அவ்வளைவை நெருங்குமுன் மணியடித்து, வேகத்தைக் குறைத்தேன். இம்முறை எதிரே வந்தவர்கள் பள்ளிப் பிள்ளைகள் நால்வர். ஒரு விரல் அழுத்தத்தில் வண்டி நின்றது. அவர்கள் கடந்து செல்லும்வரை ஓரமாகக் காத்திருந்தேன்.